மௌனத்திற்கு இரு பொருள்



இதைப் படிக்கத் தொடங்குமுன் ஒருமுறை எழுந்து சென்று, உங்கள் வீட்டு நடையில் இருக்கும் மின்விளக்கின் சுவிட்சைத் தொட்டுவிட்டு வாருங்கள். விந்தையான வேண்டுகோள் என்று நீங்கள் முறுவலிக்கலாம். நள்ளிரவில், அரைத் தூக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் அந்தச் சுவிட்ச் உங்கள் விரலுக்கு அகப்படும் அல்லவா? என் உம்மாவுக்கும் 40 ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் அகப்பட்டு வந்தது. அதன்மீது கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, "இதைத் தொடாதீங்க உம்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் நான். அந்த டேப் எதற்காக ஒட்டப்பட்டது, அதனால் என்ன நேர்ந்தது என்பதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடவே இதை எழுதுகிறேன்.

நான் ஷார்ஜாவில் கட்டடப் பராமரிப்பு வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கும் எலெக்ட்ரீஷியன். மனைவி மக்கள் என்னுடன் இருக்கின்றனர். தங்கை சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வாப்பா மௌத்தான பிறகு உம்மா மட்டும் மேலப்பாளையத்து வீட்டில் தனித்து வாழ்கிறார். எங்களுடன் வந்துவிடுமாறு எத்தனையோ முறை மன்றாடியிருக்கிறோம். "உன் வாப்பா செங்கல் சுமந்து கட்டுன வீடு. அதைப் பூட்டிட்டு வர எனக்கு மனசு வரலை" என்ற ஒரே பதில்தான் எப்போதும். பக்கத்து வீட்டு மாமி காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்வார். இடைப்பட்ட நேரம்? அதிலும் இரவு? வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் ஒவ்வொரு தாயும், தாயை ஊரில் வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்த கவலை அது.

அந்தக் கவலைக்கு மருந்தாகவே 'பொருள்களின் இணையம்' என்பது எனக்கு வாய்த்தது. விளக்கு, கதவு, மோட்டார் முதலிய வீட்டுப் பொருள்கள் இணையத்தின் வழியே செய்தி சொல்லவும் கட்டளை ஏற்கவும் கூடிய நிலைக்கு இப்பெயர். 1999ஆம் ஆண்டு கெவின் ஆஷ்டன் என்பவர் தம் உரைக்குத் தலைப்பாக இதைச் சூட்டினார். ஆனால் காரியம் பெயருக்கு முந்தியது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினிக்கூடத்தில், மாடிப்படி இறங்கி வந்து காலிக் காப்பிப் பாத்திரத்தைக் கண்டு சலித்துப்போன ஆய்வாளர்கள், அப்பாத்திரத்தின் எதிரே ஒரு கேமராவை நிறுத்தித் தங்கள் கணினித் திரையிலேயே அதைப் பார்த்துக்கொண்டனர். காப்பி இருக்கிறதா, இல்லையா என்ற அளவோடு அது நின்றது. ஒரு பொருள் மனிதனிடம் பேசுவது எளிது. ஒரு பொருள் இன்னொரு பொருளிடம் பேசி, அதன் சொல்லைக் கேட்டு இது நடக்கவேண்டும் என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கருவிகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றின் சேவைகளை இணைக்கும் பொருத்து கடையில் கிடைப்பதில்லை. நாம்தான் செய்தாக வேண்டும்.

2022ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் நான் வீட்டைக் கருவிகளால் நிரப்பினேன். படுக்கையறையிலும் நடையிலும் ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார்கள். அவை ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. வைஃபையில் இயங்கும் பல்புகள் வேறொரு நிறுவனத்தினுடையவை. இவ்விரண்டையும் இணைத்துவைக்க இணையத்தில் மூன்றாவது சேவை ஒன்று. 'இது நிகழ்ந்தால் அதைச் செய்' என்று எழுதி வைத்தால் போதும், அது பார்த்துக்கொள்ளும். நடையில் நடமாட்டம் தெரிந்தால் நடைவிளக்கு எரியவேண்டும் என்று ஒரு விதி எழுதினேன். படுக்கையறையில் 15 நிமிடம் அசைவில்லையென்றால் அங்குள்ள விளக்கு அணையவேண்டும் என்பது இன்னொன்று. காலை 4 மணி முதல் 6 மணி வரை எங்கும் அசைவே இல்லையென்றால் என் கைப்பேசிக்குச் செய்தி வரவேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது விதியை எழுதியபோது என் நெஞ்சில் இருந்த பாரமே இறங்கிவிட்டதாக உணர்ந்தேன்.

இத்தகைய பல்புகளுக்குச் சுவரிலுள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்கவேண்டும். யாராவது அணைத்துவிட்டால் பல்பு உறங்கிவிடும். எந்தக் கட்டளையும் அதன் காதில் விழாது. அதனால்தான் டேப் ஒட்டினேன்.

சென்சாருக்கும் பல்புக்கும் இடையில் 6 அடி தூரம்கூட இராது. ஆனால் உம்மா நடையில் காலடி வைத்ததும் அச்செய்தி எவ்வழியே பயணித்தது தெரியுமா? சென்சாரிலிருந்து அதன் மையப்பெட்டிக்கு, அங்கிருந்து ரூட்டர் வழியாக வெளிநாட்டில் எங்கோ இருக்கும் முதல் நிறுவனத்தின் சர்வருக்கு, பின்பு இணைக்கும் சேவையின் சர்வருக்கு, அதன்பின் பல்பு நிறுவனத்தின் சர்வருக்கு, மீண்டும் கடல் கடந்து மேலப்பாளையத்து ரூட்டருக்கு, கடைசியில் பல்புக்கு! இத்தனையும் ஓரிரு வினாடிகளில் நடந்து முடிந்ததால் எனக்கு வியப்புத்தான் மிஞ்சியது. அந்த நெடும்பயணத்தின் ஒரு கண்ணி அறுந்தால் என்னாகும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஓர் எச்சரிக்கை முன்பே வந்தது. நான்தான் செவிசாய்க்கவில்லை. ஷார்ஜா திரும்பிய சில நாட்களில் உம்மா தொலைபேசியில், "ஓதிக்கிட்டு இருக்கும்போதே வெளக்கு அணைஞ்சு போவுது வாப்பா" என்றார். அந்தச் சென்சார் மனித உடலின் வெப்பம் இடம்பெயர்வதைக் கொண்டே ஆளை அறியும். முஸல்லாவில் அமர்ந்து, ரைஹால் பலகையில் குர்ஆனை வைத்து அசையாமல் ஓதுகிற ஒரு மூதாட்டி அதன் கணக்கில் இல்லாதவர்! இதை அறிந்திருந்தும் நான் சொன்ன தீர்வு என்ன? "இடையிலே ஒருதடவை கையை ஆட்டுங்க உம்மா, எரியும்." அவரும் மறுபேச்சின்றி, ஓதுவதை நிறுத்திவிட்டு இருட்டில் கையை ஆட்டி வந்திருக்கிறார். கருவி மனிதருக்குப் பணிவதற்கு மாறாக, என் தாயைக் கருவிக்குப் பணியவைத்தேன். இன்று எழுதும்போதும் என் கை கூசுகிறது.

நவம்பர் மாத மழைக்காலத்தில் ஓரிரவு, தெருவில் எங்கோ இணையக் கம்பி அறுந்துவிட்டது. மின்சாரம் இருந்தது. சென்சாரும் பல்பும் நல்ல நிலையில்தான் இருந்தன. தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்த உம்மா ஒளுச் செய்ய நடைக்கு வந்தார். சென்சார் அவரைக் கண்டது. கண்டதைச் சொல்ல வழியில்லை. விளக்கு எரியவில்லை. உம்மாவின் கை பழைய வழக்கப்படி சுவருக்குப் போயிருக்கிறது. அங்கே டேப் தட்டுப்பட்டதும், மகன் தொடக்கூடாது என்றானே என்று கையை இழுத்துக்கொண்டார். மழைச்சாரலில் நனைந்திருந்த தரையில் கால் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. இடுப்பில் பலத்த அடி. எழ இயலாமல் சுவரோடு சாய்ந்தபடி, அமர்ந்த நிலையிலேயே சுபுஹு தொழுதிருக்கிறார்.

அந்த டேப்பைப் பிய்த்து, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் பல்பு எரிந்திருக்கும். அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அதே வேளையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சுபுஹுக்கு எழுந்து கைப்பேசியைப் பார்த்தேன். எச்சரிக்கை எதுவும் இல்லை. உம்மா நலமாக நடமாடிக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லிவிட்டு ஒளுச் செய்யப் போனேன். வீட்டுக்கும் சர்வருக்கும் தொடர்பே அறுந்துபோனபின் எச்சரிக்கை எங்கிருந்து வரும்? காலை ஆறரைக்கு இடியாப்பத்துடன் வந்த மாமிதான் உம்மாவைக் கண்டார். அதன் பிறகே எனக்குத் தொலைபேசி வந்தது.

ஓடோடி ஊர் வந்து, எங்கே பழுது என்று தேடினேன். எக்கருவியிலும் பழுதில்லை! சென்சார் தன் வேலையைச் செய்தது, பல்பு கட்டளைக்குக் காத்திருந்தது, மூன்று நிறுவனங்களின் சர்வர்களும் இயங்கிக்கொண்டிருந்தன. யாரிடம் போய் முறையிடுவது? பழுது இவற்றின் பொருத்துக்களில் இருந்தது. அந்தப் பொருத்துக்களைச் செய்தவன் நான். ஷார்ஜாவில் நான் பராமரிக்கும் கட்டடங்களில் தீத்தடுப்புக் கதவுகளை மின்காந்தம் திறந்தபடி பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் போனால் காந்தம் பிடியை விட, கதவு தானே மூடிக்கொள்ளும். தொடர்பு அறுந்தால் காரியம் பாதுகாப்பான பக்கமே சாயவேண்டும் என்ற அந்த நெறியை 20 ஆண்டுகளாக மற்றவர்களுக்குக் கற்பித்தவன், பெற்ற தாயின் வீட்டில் மறந்துபோனேன்.

என் வீட்டில் ஒருநாளும் ஏமாற்றாதது தண்ணீர் மோட்டார்தான். மாடித் தொட்டி நிறைந்ததும் அது நின்றுவிடும். காரணம் வேறொன்றுமில்லை, தெருமுனை எலெக்ட்ரீஷியன் தொட்டியிலிருந்து மோட்டாருக்கு நேராக ஒரு வயரை இழுத்திருந்தார். நான் அதைப் பழைய முறை என்று ஏளனம் செய்திருந்தேன்.

பிறர் வீட்டு விளக்கை நம்பிப் பிழைத்தவர்களின் கதைகள் உலகில் முன்பே இருக்கின்றன. அமெரிக்காவில் ரெவால்வ் என்ற நிறுவனம் பலவகைக் கருவிகளையும் ஒன்றிணைக்கும் மையப்பெட்டியை 299 டாலருக்கு விற்றது. 2014இல் கூகுளைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2016 மே 15ஆம் நாள் சர்வர் நிறுத்தப்பட்டதும் காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் எல்லாம் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி ஓய்ந்தன. செயலி வழியே இயக்கியவர்கள் திகைத்து நிற்க, வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று நேராகப் பிணைத்து வைத்திருந்தவர்களின் விளக்குகள் வழக்கம்போல் எரிந்தன. சில வாரங்களில் அதன் பயனாளர்களில் ஒரு சிலரே சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கி மீண்டும் இயக்கியது தனிக்கதை. நான் கருவிகள் வாங்குவதற்கு முந்தைய மாதம் நடந்தது இது. படித்துவிட்டும் கடந்து போயிருக்கிறேன்.

உம்மாவின் கைக்கட்டுப் பிரிப்பதற்குள் வீட்டைத் திருத்திவிடத் தீர்மானித்தேன். மச்சான் மகன் கணினி படித்தவன். அவன் உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கணினி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்னும் இலவச மென்பொருளை ஏற்றினான். 2013இல் பவுலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கி, உலகெங்கும் பலர் கூடி வளர்த்துவரும் மென்பொருள் அது. எல்லா விதிகளும் இனி அந்தச் சிறு கணினியில், எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். இணையம் இருந்தாலும் போனாலும் சென்சார் சொல்வது பல்புக்கு எட்டும். ரூட்டருக்கும் கணினிக்கும் யூ.பி.எஸ். வைத்தோம். வைஃபை பல்புகளைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பல்புகளை மாட்டினோம். சுவிட்சின் பின்னே, சுவருக்குள், தீப்பெட்டியளவு ரிலே ஒன்றைப் பொருத்தினேன். கையால் போட்டாலும் எரியும், சென்சார் சொன்னாலும் எரியும். கையால் போட்டதைச் சென்சார் அணைக்க முடியாது. டேப்பைப் பிய்த்தவர் உம்மா. பசைக்கறையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் அவரே.

ஆயினும் என் மனத்தை அரித்த கேள்வி விளக்கைப் பற்றியதன்று. எச்சரிக்கை வராத கைப்பேசியைப் பார்த்து நிம்மதி கொண்டேனே, அந்த மௌனத்திற்கு இரு பொருள் உண்டு என்பது ஏன் எனக்குத் தோன்றவில்லை? 'கெட்டது எதுவும் நடக்கவில்லை' என்பது ஒரு பொருள். 'சொல்லவேண்டியவனே பிழைத்திருக்கவில்லை' என்பது மற்றொன்று.

இதற்கான விடை நான் எதிர்பாராத இடத்தில் இருந்தது. கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு எம்.க்யூ.டி.டி. என்றொரு மொழி உண்டு. 1999இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பர் என்ற பொறியாளரும், ஆளரவமற்ற வெளிகளில் செல்லும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக இதை வகுத்தனர். இதில் கருவிகள் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவே ஒரு தரகர் உண்டு. ஆம், அதன் பெயரே தரகர்தான்! ஒவ்வொரு கருவியும் தரகரிடம் வந்து சேரும்போதே, "நான் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டால் இன்ன செய்தியை இன்னாருக்கு அறிவித்துவிடு" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். குறித்த இடைவெளிக்குள் அக்கருவியின் குரல் கேட்கவில்லையென்றால், தரகர் அச்செய்தியை வெளியிடுவார். இந்த ஏற்பாட்டிற்கு அதை வகுத்தவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? மரண சாசனம்! நம் மொழியில் சொன்னால், வஸிய்யத். உயிருள்ளபோதே எழுதி வைத்து, போனபின் வாசிக்கப்படும் சொல். எழுதி வைக்காமல் போகிறவர்களால் பிள்ளைகள் படும் பாட்டை நம் ஊர்களில் நாம் பார்க்காததா?

மாத வாடகைக்கு எடுத்த ஒரு சிறு சர்வரில் அத்தரகரை அமர்த்தினோம். மேலப்பாளையத்து வீட்டுக் கணினி தன் வஸிய்யத்தை அங்கே கொடுத்து வைத்திருக்கிறது. வீட்டின் தொடர்பு அறுந்தால் சில நிமிடங்களில் ஷார்ஜாவில் என் மேசைமேல் உள்ள சிறு விளக்கு சிவப்பாகும். தரகரே போய்விட்டாலும் அவ்விளக்கு தானாகச் சிவக்கும். எல்லாம் சரியாக இருக்கும்வரை மங்கிய பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும். எரியாமல் இருந்தால் விளக்குக்கே கேடு என்று அறிந்துகொள்வேன். நலம் என்பதும் இனி ஒளியாகவே வந்து சேரவேண்டும். வெறுமையை நலம் என்று கொள்வதை விட்டுவிட்டேன். சிவந்தால் முதல் வேலை மாமிக்குத் தொலைபேசி. மாமியிடம் ஒரு மாற்றுச் சாவியும் கொடுத்திருக்கிறோம். எந்தச் சர்வருக்கும் இல்லாத இரண்டு கால்கள் மாமிக்கு உண்டல்லவா?

இப்போது கடைகளில் 'மேட்டர்' என்ற முத்திரையுள்ள கருவிகள் வருகின்றன. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் முதலிய நிறுவனங்கள் கூடி 2022 அக்டோபரில் வெளியிட்ட பொதுவிதி அது. ஒரு நிறுவனத்தின் சென்சாரும் மற்றதன் விளக்கும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வழி செய்கிறது. வாங்குவோர் அம்முத்திரையைப் பார்த்து வாங்கலாம். ஆனால் பொதுமொழி கிடைத்துவிட்டதால் பேச்சில் விவேகம் வந்துவிடாது. உம்மா ஓதுகையில் விளக்கை அணைக்கக்கூடாது என்பதை எந்த முத்திரையும் அறியாது. படுக்கையறையில் மூச்சின் சிற்றசைவையும் அறியும் ராடார் வகைச் சென்சாரைப் பின்னர் மாட்டினேன். அதுவும் தவறினால் என்ன செய்வது? இரவில் அந்த விளக்கை அணைக்கும் அதிகாரத்தை உம்மாவின் கைக்கு மட்டுமே விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தங்கை, கேமரா வைத்துவிடலாமே என்றாள். உம்மா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். "தலையிலே துணியில்லாம நான் இருக்குற வீடு இது. பாக்குறது நீங்கதான்னாலும் நடுவிலே யாரு யாரு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" பிறர் வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்டுப் புகுவதை ஒழுக்கமாகக் கொண்ட குடும்பங்கள் நாம். அக்கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேமராவைக் கைவிட்டோம். ஆனால் கேமரா இல்லாமலே நான் எவ்வளவு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பழைய செயலியை அழிக்கும்போதுதான் புலப்பட்டது. உம்மா எத்தனை மணிக்கு எழுந்தார், இரவில் எத்தனை முறை கழிப்பறைக்குச் சென்றார், எந்நாளில் தூக்கம் வராமல் உலாவினார் என அனைத்தும் ஆறு மாதப் பட்டியலாக இருந்தது. ஒரு சென்சாரின் செய்தி தனியே பார்த்தால் அற்பமானது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பெண்ணின் அந்தரங்க வாழ்க்கை. அது என்னிடம் மட்டுமல்ல, நான் முகம் காணாத நிறுவனங்களின் சர்வர்களிலும் கிடந்தது. சேவைகளை இணைக்கும்போது வசதி மட்டும் கூடுவதில்லை, தகவலும் கூடுகிறது. எந்த ஒப்பந்தத்திலும் உம்மா கையெழுத்திடவில்லை. 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அவருக்காக நான் அழுத்தியிருந்தேன்.

ஆகவே இம்முறை உம்மாவின் முன்னால் அமர்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டி, எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டேன். நடைவிளக்கு இருக்கட்டும் என்றார். காலை நேர அசைவுக் கணக்கு வேண்டாம் என்றார். "நான் எழுந்துட்டேனான்னு நீ ஒளிஞ்சு பாக்க வேண்டாம். நானே சொல்லுறேன்." முஸல்லா விரிக்கும் இடத்தருகே சுவரில் ஒரு சிறு பொத்தானைப் பொருத்தினோம். சுபுஹு தொழுது முடித்ததும் அதை ஒருமுறை அழுத்துவார். ஷார்ஜாவில் என் மேசை விளக்கு சற்று நேரம் வெண்ணிறமாக எரியும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதற்கு 'உம்மும்மா ஸலாம்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். அது எரிந்தபின்தான் காலைத் தேநீர்.

சில வாரங்களுக்குமுன் ஒருநாள் விளக்கு பச்சையாகவே இருந்தது, வெண்மை வரவில்லை. வீட்டுத் தொடர்பு சரி, பொத்தானுக்கு பாட்டரியும் சரி. பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன உம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே? பொத்தானை அழுத்தலையே?"

"ஒண்ணுமில்ல வாப்பா, நல்லாத்தான் இருக்கேன். நாலு நாளா நீ பேசவே இல்லை. அழுத்தாட்டா கூப்புடுறியான்னு பாத்தேன்."